நாய் முடியில் நூற்ற நூல் குரைக்குமா?

பெங்களூரு:

ரெயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். பெட்டியைப் பார்த்தவுடனே அதன் எடையைச் சொல்லிவிடுவான். எனக்கு இது பதினொரு வருடப் பழக்கம். அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் தப்பாது.

அன்றைக்குத் தப்பிவிட்டது!

கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்த அட்டைப்பெட்டி அது. டி.வி. பெட்டி அளவு இருந்தது. இருபது கிலோ தேறும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். காற்றைத் தூக்கியதுபோல் மேலே வந்துவிட்டது. தராசில் வைத்தால், பெட்டியோடு சேர்த்து இரண்டு கிலோ கூட இல்லை.

ரசீதில் "பொருள்" என்ற இடத்தைப் பார்த்தேன். "நாய் முடி" என்று எழுதியிருந்தது.

பக்கத்து மேஜை நண்பர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், ஊரில் சலூன் கடைக்காரர் யாராவது கணக்கு அனுப்பியிருக்கிறாரா?" என்றார். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கவுன்டருக்கு வெளியே ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் மடித்த துணிப்பை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"சிரிக்காதே தம்பி. அது ஒரு வீட்டில் எட்டு வருஷம் இருந்த ஜீவன். போன மாசம் செத்துப்போச்சு. இனிமேல் இந்த முடி ஒரு இழைகூட அதிகமாகக் கிடைக்காது. பார்த்து மெதுவா இறக்கு" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டியை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். "இதை வைத்து என்ன செய்வீர்கள் ஐயா?" என்று கேட்டேன்.

"நூல் நூற்பேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். போய்ப் பார்த்ததை வாசகர்களுக்கு எழுதுகிறேன்.

ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்த வீடு

ஸ்ரீராமபுரத்தில் ஒரு சந்துக்குள் இரண்டு அறை வீடு. பெரியவர் திருப்பத்தூர் பக்கத்துக்காரர். 19 வயதில் வேலை தேடி பெங்களூருக்கு வந்தார். கம்பளி ஆலை ஒன்றில் இடம் கிடைத்தது. கார்டிங் செக்ஷனில் முப்பது வருடம் வேலை பார்த்தார். ஆலை மூடிய பிறகு ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் இரவுக் காவலாளியாக இருந்தார்.

கார்டிங் என்றால் என்ன? ஆட்டில் இருந்து வெட்டிய முடி, சிக்கும் சிடுக்குமாக இருக்கும். அதைக் கம்பிப் பல் வைத்த உருளைகளுக்கு இடையில் விட்டு, இழை இழையாகப் பிரித்து மெல்லிய விரிப்பாக எடுப்பதுதான் கார்டிங். அது அடுத்த பகுதிக்குப் போய் நூலாகும். அதற்கடுத்த பகுதிக்குப் போய்த் துணியாகும்.

"நான் அனுப்பினது என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. துவைக்கிறது ஒரு செக்ஷன், நூற்கிறது ஒரு செக்ஷன், நெய்யறது ஒரு செக்ஷன். சங்கு ஊதினா போவோம். சங்கு ஊதினா வருவோம். அவ்வளவுதான்" என்றார்.

காவல் வேலை பார்த்த கட்டிடத்தில்தான் நாய் முடி அவர் கையில் சிக்கியது. ஒரு வீட்டில் சைபீரியன் ஹஸ்கி நாய் இருந்தது. முடி உதிரும் காலத்தில் தினமும் ஒரு பை முடி குப்பைக்குப் போகும். ஒரு நாள் பெரியவர் அந்தப் பையில் கைவிட்டுப் பார்த்தார். விரலில் எடுத்து இழுத்தார். முறுக்கினார்.

"முப்பது வருஷம் கம்பளி தொட்ட கை தம்பி. இது சாதாரண முடி இல்லைன்னு கைக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

சிறு வயதில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பில் தக்ளி சுற்றப் பழகியவர் அவர். ஒரு ஸ்வெட்டர் ஊசியில் மர வட்டு ஒன்றைச் செருகினார். தக்ளி தயார். இரவுக் காவலில் உட்கார்ந்து நூற்க ஆரம்பித்தார். பிறகு வெல்டிங் கடையில் சொல்லி, சைக்கிள் ரிம் ஒன்றை வைத்து ராட்டை செய்துகொண்டார். அந்த ராட்டைதான் இப்போதும் வீட்டு நடுவில் நிற்கிறது.

எல்லா நாயும் ஆகாது

"தெருவில் திரியும் நாயின் முடியில் நூல் நூற்க முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியாது" என்றார் பளிச்சென்று.

நம் ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன நாய்கள். ஆனால் முடி குட்டை. முறுக்கினால் நிற்காது. லாப்ரடார் நாயும் அப்படித்தான். நூலுக்கு வேண்டியது ஒன்றரை அங்குலமாவது நீளமுள்ள முடி.

நீளம் மட்டும் போதாது. அடர்ந்த முடியுள்ள நாய்க்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. மேலே தெரிவது கரடுமுரடான மேல் முடி. மழையும் தூசியும் உள்ளே போகாமல் தடுப்பது அதன் வேலை. அதற்கு அடியில் பஞ்சு போன்ற மெல்லிய அடி முடி இருக்கும். குளிரைத் தடுப்பது அது. பருவம் மாறும்போது கொத்துக் கொத்தாக உதிர்வதும் அதுதான். நூலுக்கு ஏற்றது இந்த அடி முடி.

சமோயெட், ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர் போன்ற நாய்களிடம் இது நிறையக் கிடைக்கும். நம் ஊரில் "பொமரேனியன்" என்று சொல்லி வளர்க்கும் வெள்ளை ஸ்பிட்ஸ் நாயிடமும் கிடைக்கும். பாரசீகப் பூனையின் முடியும் நூலாகும். ஆனால் அது மிக மெல்லியது, வழுக்கும். தனியாக நிற்காது.

முக்கியமான ஒரு விஷயம். கத்தரியால் வெட்டிய முடி உதவாது. வெட்டிய முனை துணியில் குத்தும். சீப்பால் வாரும்போது தானாக வருவதைத்தான் எடுக்க வேண்டும். நாய்க்கும் அதுதான் சுகம். உதிர வேண்டிய முடி உடம்பிலேயே தங்கினால் சிக்குப் பிடித்துப் புண் வரும்.

சீப்பில் இருந்து சிட்டம் வரை

பெரியவர் வேலை செய்யும் முறையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் வேலை, பொறுக்குவது. வெள்ளை வேட்டியை விரித்து, முடியைப் பரப்பி, கரடுமுரடான மேல் முடி, குப்பை, சிக்கு எல்லாவற்றையும் கையால் எடுத்துவிடுகிறார். இதற்கே மூன்று நாள் ஆகும். அறையில் மின்விசிறி ஓடக்கூடாது. ஓடினால் அவ்வளவும் பறந்துவிடும். வீட்டுக்கு யார் வந்தாலும் மூச்சை மெதுவாக விட வேண்டும்!

இரண்டாவது, அலசுவது. பூந்திக்கொட்டையை ஊறவைத்த வெதுவெதுப்பான தண்ணீரில், முடியை வலைப்பையில் போட்டு அமுக்கி வைக்கிறார். கசக்கக்கூடாது, பிழியக்கூடாது, தட்டக்கூடாது. இருபது நிமிடம் கழித்து எடுத்து, அதே சூடுள்ள தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்துகிறார்.

இதை அவர் ஒரு நஷ்டத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டார். முதல் முதலில் ஒருவர் தன் நாயின் முடியைக் கொடுத்து நூற்றுத் தரச் சொன்னார். பெரியவர் அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். வெளியே எடுத்தால், அவ்வளவும் ஒரே கட்டியாகிக் கிடந்தது!

ரோமத்தின் மேல் மீன் செதில் போலக் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் ஒன்றின் செதில் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்கவே முடியாது. தொப்பி செய்யும் ஃபெல்ட் துணி இப்படித்தான் உண்டாகிறது.

"முப்பது வருஷம் கம்பளி ஆலையில் இருந்தவனுக்கு இது தெரியாதான்னு என் சம்சாரம் கேட்டாள். தெரியாதே! துவைக்கிறது என் செக்ஷன் இல்லையே!" என்று சொல்லிச் சிரித்தார். நல்ல வேளை, அந்த நாய் உயிரோடு இருந்தது. அடுத்த உதிர்வுக்காக ஆறு மாதம் காத்திருந்து, கூலி வாங்காமல் நூற்றுக் கொடுத்தார்.

மூன்றாவது, கலப்பது. நாய் முடியில் தனியாக நூற்றால் நூல் மென்மையாக இருக்கும், நல்ல கதகதப்பும் இருக்கும். ஆனால் இழுத்தால் திரும்பி வராது. ஆட்டு ரோமத்தில் இயற்கையாகவே அலை அலையாகச் சுருள் உண்டு. அதனால்தான் ஸ்வெட்டர் இழுத்தாலும் பழைய நிலைக்கு வருகிறது. நாய் முடியில் அந்தச் சுருள் மிகக் குறைவு. ஆகவே மெல்லிய ஆட்டு ரோமத்தைச் சேர்க்க வேண்டும். நாய் முடி மூன்று பங்கு என்றால் ஆட்டு ரோமம் இரண்டு பங்கு. இது பெரியவர் கணக்கு.

கம்பிப் பல் பதித்த இரண்டு பலகைகளை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வாருகிறார். முடி பறக்காமல் இருக்க உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய். "ஆலையிலும் எண்ணெய் தெளிப்போம்" என்றார். வாரி முடித்ததைச் சுருட்டினால் மேகத்துண்டு போல ஒரு திரி கிடைக்கிறது. தன் பழைய வேலையை இப்போது கையால் செய்கிறார். அந்த நேரத்தில் அவர் பேசவே இல்லை.

நான்காவதுதான் நூற்பு. இடது கை திரியை இழுக்க, வலது கை ராட்டையைச் சுற்ற, முறுக்கு ஓடுகிறது. முதலில் ஒற்றை இழை. பிறகு இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். அப்போதுதான் நூல் பிரியாமல், கோணாமல் நிற்கும். கடைசியில் சிட்டமாகச் சுற்றி, ஒருமுறை நனைத்து, தொங்கவிட்டு உலர்த்தினால் முறுக்கு நிலைத்துவிடும்.

ஒரு சிட்டத்தை என் கையில் கொடுத்தார். மூக்கருகே கொண்டு போனேன். நாய் வாடை இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குத்தவில்லை.

புதிதா இது?

பெங்களூருக்காரர்களின் புது மோகம் என்று நினைத்துவிடாதீர்கள். இது மிகப் பழைய தொழில்.

வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில், இன்றைய வாஷிங்டன் மாநிலமும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவும் சேரும் பகுதியில் சாலிஷ் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் கம்பளிக்கென்றே ஒரு நாய் இனத்தை வளர்த்தார்கள். மற்ற நாய்களோடு கலந்துவிடாமல் இருக்க அவற்றைச் சிறு தீவுகளிலும் தனி அடைப்புகளிலும் வைத்தார்கள். மீன் கொடுத்து வளர்த்தார்கள். ஆடு போல அவற்றின் முடியைக் கத்தரித்து எடுத்தார்கள்.

1792-ம் ஆண்டில் அந்தப் பக்கம் கப்பலில் போன ஆங்கிலேயக் கேப்டன் ஜார்ஜ் வான்கூவர் இந்த நாய்களைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அந்த முடியோடு மலை ஆட்டின் முடியைக் கலந்து, வெள்ளை மண் போட்டு அடித்து எண்ணெய்ப் பசையைப் போக்கி, பெண்கள் நூற்று நெய்தார்கள். அந்தப் போர்வை கௌரவத்தின் அடையாளம். பெரிய மனிதர்களுக்குப் பரிசாகப் போகும்.

பிறகு என்ன ஆயிற்று? வெள்ளையர்கள் வந்தார்கள். கப்பலில் மலிவான ஆலைப் போர்வைகள் வந்தன. அம்மை நோய் வந்தது. நிலம் போயிற்று. பழைய வாழ்க்கை முறைகளுக்குத் தடை வந்தது. 20-ம் நூற்றாண்டு பிறந்த சிறிது காலத்தில் அந்த நாய் இனமே இல்லாமல் போய்விட்டது.

அந்த இனத்தைச் சேர்ந்த "மட்டன்" என்ற நாய் 1859-ல் இறந்தது. அதன் தோல் மட்டும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மரபணுவை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2023-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மற்ற நாய்களிடம் இருந்து இந்த வகை சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்திருக்கலாம் என்று கண்டார்கள். ஐயாயிரம் ஆண்டு காத்த ஒன்றை நூறு ஆண்டில் இழந்துவிட்டார்கள்!

இதைப் பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஆலைப் போர்வை வந்து அவங்க தொழில் போச்சு. ஆலை போய் என் தொழில் போச்சு" என்றார்.

முயலும் ஆடும்

நம் நாட்டிலும் வீட்டில் வளர்க்கும் சிறு பிராணிகளின் ரோமத்தில் நூல் நூற்கும் தொழில் நடக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் அங்கோரா முயல் வளர்க்கிறார்கள். சுமார் இரண்டரை மாதத்தில் இருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் முடியைக் கத்தரித்து எடுக்கிறார்கள். அந்த முடியின் உள்ளே காற்று அறைகள் இருப்பதால் எடை குறைவு, கதகதப்பு அதிகம். ஆனால் வழுக்கும் முடி. அதனால் அங்கும் ஆட்டு ரோமம் கலந்துதான் பெரும்பாலும் நூற்கிறார்கள். மத்திய அரசின் ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று குலு அருகே கார்சாவில் இருக்கிறது. இதே நிறுவனத்துக்கு நம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் ஒரு கிளை உண்டு. பாரத் மெரினோ ஆடுகளையும் முயல்களையும் அங்கே பார்க்கலாம்.

லடாக்கின் சாங்தாங் மேட்டு நிலத்தில் சாங்பா மக்கள் வளர்க்கும் வெள்ளாட்டின் அடி முடிதான் உலகப் புகழ் பெற்ற பஷ்மினா. குளிர் முடிந்ததும் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஸ்ரீராமபுரத்துப் பெரியவர் செய்வதும் அதே வேலைதான். பிராணிதான் வேறு!

கர்நாடகத்தில் குருபர் சமூகத்துப் பெண்கள் தக்காண ஆட்டின் ரோமத்தைக் கையால் நூற்க, ஆண்கள் குழித்தறியில் கம்பளி நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவார்கள். அது முரட்டுக் கம்பளி. மழையில் ஆடு மேய்ப்பவனுக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

இந்தத் தொழிலில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. சீனாவில் சில பண்ணைகளில் அங்கோரா முயலின் முடியை உயிரோடு பிய்த்து எடுக்கும் படக்காட்சி 2013-ல் வெளியானது. அதைப் பார்த்து உலகத்தின் பெரிய துணி நிறுவனங்கள் பல அங்கோரா உடைகளை நிறுத்திவிட்டன. முடிக்காகப் பிராணியை வதைத்தால் அது தொழில் அல்ல, பாவம். பெரியவரும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார். முடி நிறையத் தருகிறேன், பணம் கொடுங்கள் என்று வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். "வாங்க ஆரம்பிச்சா, முடிக்காக நாய் வளர்ப்பான். பிறகு பிடுங்குவான்" என்கிறார்.

கூலி கட்டுமா?

குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? கணக்குக் கேட்டேன்.

நூறு கிராம் நூலுக்கு 600 ரூபாய் வாங்குகிறார். பொறுக்கி, அலசி, வாரி, நூற்று முடிக்க நூறு கிராமுக்கு இரண்டு நாளுக்குக் குறையாமல் ஆகிறது. ஆட்டு ரோமத்தின் விலையும் அதிலேயே அடக்கம். பெங்களூரில் சித்தாள் கூலி இதைவிட அதிகம்!

"பிழைப்புக்கு இது ஆகாது தம்பி. பிள்ளை சம்பாதிக்கிறான், சோற்றுக்குக் குறைவில்லை. அதனால் செய்யறேன். சின்னப் பசங்க யாராவது இதை நம்பி வேலையை விட்டா, விடாதேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அப்படியானால் எதற்காகச் செய்கிறார்? அதையும் கேட்டேன். அவர் சொன்ன பதில் இது:

"முப்பது வருஷம் கம்பளி ஆலையில் இருந்தேன். ஒரு முழுக் கம்பளியை இது நான் செஞ்சதுன்னு காட்ட முடியாது. இப்போ முதல் முடியில் இருந்து கடைசி முறுக்கு வரைக்கும் என் கை. எழுபது வயசுக்கு மேலதான் நான் கம்பளித் தொழிலாளி ஆனேன்."

நானும் பதினொரு வருடமாகப் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறேன். எந்தப் பெட்டி யாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரியாது. அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது.

அம்மாவின் கோபம்

பெரியவரின் மனைவி முதலில் இந்த வேலையை வீட்டுக்குள் விடவே இல்லை. "நாய் மயிரை நடு வீட்டில் கொட்டுகிறீர்களே, சாமி படம் இருக்கிற வீடு" என்று சண்டை போட்டிருக்கிறார். ஒரு வருடம் மொட்டை மாடியில்தான் நூற்றார்.

பெரியவர் ஒரு நாள் கேட்டாராம்: "கம்பளி மடி என்று சொல்லி அதன்மேல் உட்கார்ந்து பூஜை செய்கிறார்களே, அது மட்டும் என்ன செடியிலா காய்த்தது? ஆட்டு மயிர்தானே?"

அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் மழை வந்த அன்றைக்கு ராட்டையை அவரே கீழே கொண்டு வந்து வைத்தார். இப்போது நூலைச் சால்வையாகவும் மஃப்ளராகவும் பின்னுவது அவர்தான். வேலை முடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டுத்தான் சமையல். அதில் மட்டும் மாற்றம் இல்லை.

ஜிம்மியின் சால்வை

கோயம்புத்தூர்ப் பெட்டிக்கு வருகிறேன்.

அந்த நாயின் பெயர் ஜிம்மி. வெள்ளை ஸ்பிட்ஸ். வளர்த்த அம்மாள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தலையணைக்கு அடைக்கலாமே என்று வாரிய முடியை எட்டு வருடமாகச் சேர்த்து வைத்தார். தலையணை தைக்கவே இல்லை. ஜிம்மி இறந்த பிறகு அதைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, வைத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், பிராணி மருத்துவமனையில் பெரியவரைப் பற்றிக் கேள்விப்பட்டு ஏற்பாடு செய்தாள்.

பெட்டியில் இருந்த முடி 900 கிராம். பொறுக்கியதில் 500 கிராம் நின்றது. அலசி உலர்த்தியதில் 420 கிராம். அதோடு 280 கிராம் மெரினோ ரோமம் சேர்ந்தது. நூலாக வந்தது 650 கிராம்.

"இந்தத் தடவை கை நடுங்கிச்சு. உயிரோட இருக்கிற நாயின்னா அடுத்த உதிர்வு வரும். இதுக்கு வராதே. தண்ணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். குழந்தை குளிக்கிற சூடு" என்றார் பெரியவர்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் மதியம் கவுன்டருக்கு வந்தார். கையில் சிறிய அட்டைப்பெட்டி. ஒரு சால்வையும் மகளுக்கு ஒரு மஃப்ளரும் இருந்தன. பிரித்துக் காட்டினார். பால் வெள்ளை. அன்றைக்குச் சலூன் கடை என்று கேலி செய்த நண்பர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தார்.

கூடவே வேப்பிலை ஒரு கொத்தும் காகிதம் ஒன்றும் வைத்திருந்தார். காகிதத்தில் இப்படி எழுதியிருந்தது: "வெந்நீரில் துவைக்க வேண்டாம். பிழிய வேண்டாம். நிழலில் படுக்க வைத்து உலர்த்தவும். அந்துப்பூச்சி வராமல் பார்த்துக்கொள்ளவும். நாய் முடி ஒத்துக்கொள்ளாதவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் போர்த்த வேண்டாம்."

வரும்போது பெட்டி பெரிதாக இருந்தது. போகும்போது சிறிதாகிவிட்டது. காற்றுதான் போயிருந்தது.

ரசீது எழுதும்போது "பொருள்" என்ற இடத்துக்கு வந்தேன். பேனாவை நிறுத்தினேன்.

"என்ன எழுதட்டும் ஐயா?"

பெரியவர் யோசித்தார். "கைநூல் கம்பளிச் சால்வைன்னு எழுது தம்பி" என்றார். அப்படியே எழுதினேன்.

நாய் விற்ற காசு குரைக்குமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். நாய் முடியில் நூற்ற நூலும் குரைக்காது. கோயம்புத்தூரில் ஒரு அம்மாளின் தோளில் அது சத்தமில்லாமல் கிடக்கிறது.

வாசகர்களே, உங்கள் வீட்டிலோ, நீங்கள் வேலை பார்க்கும் வீட்டிலோ பஞ்சு போல முடி உதிர்க்கும் நாய் இருந்தால், சீப்பில் வருவதைக் காகிதப் பையில் சேர்த்து வையுங்கள். ஈரம் படாமல், பிளாஸ்டிக்கில் கட்டாமல் வையுங்கள். நூற்பதற்கு ஆள் கிடைக்காவிட்டாலும் தலையணைக்காவது ஆகும். கோயம்புத்தூர் அம்மாளும் அப்படி நினைத்துத்தான் சேர்த்தார்.